இருட்டில் ஒரு கடைசி வரி

விடிந்ததிலிருந்து இரத்தினேஸ்வரிக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி போட்டோமா இல்லையா என்பதே நினைவில்லை. கணவர் பாக்கியரத்தினம் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தபோதுதான் இரண்டு தரம் போட்டுவிட்டோம் என்று விளங்கியது.

"சீனி வருத்தக்காரனை ஒரேயடியா அனுப்பிவைக்கப் பாக்கிறாய் போல," என்றார் அவர்.

வேறொரு நாளென்றால் பதிலுக்கு நாலு வார்த்தை வந்திருக்கும். திருகோணமலை நகரத்தில் அரைவாசிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுக்கிறவளுக்கு வாய் இல்லையென்று இதுவரை எவரும் குறை சொன்னதில்லை. இன்றைக்கு அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா, பிறகும் அந்தப் போனையே நினைச்சுக்கொண்டிருக்கிறியோ?"

"நினைக்காமல்? உங்களுக்கென்ன, ஓட்டோவை எடுத்துக்கொண்டு போயிடுவியள்."

போன கிழமை அந்தத் தொலைபேசி அழைப்போடுதான் நாம் பிரிந்தோம். அந்த இதழ் யாருடைய வீட்டிலாவது கச்சான் கடலை சுற்றப் போயிருந்தால், அவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

இன்று மாலை கடற்கரை மைதானத்தில் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா. அதில் இவர்களுடைய ஒரே மகள் லக்சாயினி 'உப்புக் காத்தே' பாடப் போகிறாள். எழுபதுகளில் நங்கூரம் என்ற பொப்பிசைக் குழு பாடிய பாட்டு அது. வானொலியில் வந்தால் பெண்கள் குசினியில் உலையைக்கூட மறப்பார்கள். அந்தப் பாட்டைப் பாடியவன் குலசிங்கம், இரத்தினேஸ்வரியின் ஒரே அண்ணன். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், இதே மைதானத்தில், இதே பாட்டின் முடிவில் அவன் காணாமல் போனான். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

லக்சாயினி பாடிப் பழகியதை யாரோ கைபேசியில் பிடித்துப் போட, அது ஊரெல்லாம் பரவியது. அதற்குப் பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. வயதான ஆண்குரல், மரியாதையான குரல்.

"மகள் பாடேக்க, கடைசிச் சரணத்துக்குப் பழையபடி லைற்றை நூர்ப்பினமோ?"

"ஆர் கதைக்கிறது?" என்று இவள் கேட்டாள். மறுமுனை துண்டித்துவிட்டது. திரும்ப எடுத்தால் வேலை செய்யாத இலக்கம் என்று பதில் வந்தது.

"ஆரும் பழைய ரசிகராயிருக்கும்," என்றார் பாக்கியரத்தினம் இப்போதும்.

"ரசிகர் எண்டால் பேரைச் சொல்ல மாட்டாரோ?"

அவர் பாகாய் இனித்த அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அவருக்கும் பயம்தான். ஆனால் வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பயந்தால் உலை வைப்பது யார் என்று நினைக்கிற மனிதர் அவர்.

அந்த அழைப்பில் இரத்தினேஸ்வரியைக் குலை நடுங்க வைத்தது விளக்கை அணைப்பதைப் பற்றிய கேள்விதான். ஏனென்று கேளுங்கள்.

நங்கூரத்தின் பெயர்போன வித்தை அது. கடைசிச் சரணம் வந்ததும் மைதானத்து விளக்குகள் அத்தனையும் அணையும். மற்ற வாத்தியங்கள் ஓய்ந்துவிடும். சிவகுருநாதனின் ட்ரம்ஸ் மட்டும் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். குலசிங்கம் மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, இருட்டில் சனத்துக்குள் பாடிக்கொண்டே நடப்பான். குரல் காதோரம் வரும், போகும், யாருக்கும் ஆள் தெரியாது. கடைசி வரி முடிந்ததும் விளக்கு எரியும். ஆள் எங்கே நிற்கிறான் என்று எல்லோரும் தேட வேண்டும். ஒரு தரம் பள்ளிக்கூட அதிபரின் கதிரைக் கைப்பிடியில் குந்திக்கொண்டிருந்தான். இன்னொரு தரம் கச்சான்காரியின் பெட்டிக்குப் பின்னால் நின்று வியாபாரமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கும் பாட்டு முடிந்து விளக்கு எரிந்தது. ஆளைக் காணவில்லை.

சனம் சிரித்தது. கைதட்டியது. கதிரைகளுக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள். மேடைக்குப் பின்னால் ஓடிப் பார்த்தார்கள். "குலம், காணும், வெளியில வா!" என்று பெடியன்கள் கூப்பிட்டார்கள். பதினேழு வயது இரத்தினேஸ்வரியும் வயிறு நோகச் சிரித்தாள், அண்ணா இந்த முறை நல்லாய் ஒளித்துவிட்டான் என்று. அந்தச் சிரிப்பு ஓய்ந்து ஒவ்வொருவர் முகமாக மாறத் தொடங்கியபோது நேரம் நன்றாகக் கடந்துவிட்டது. வாகனம் ஒன்று கடற்கரை வீதியால் விளக்குப் போடாமல் போனது என்று சிலர் சொன்னார்கள். அப்படி ஒன்றும் போகவில்லை என்று வேறு சிலர் சொன்னார்கள்.

அதன் பிறகு ஊர்வாய் திறந்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

"பிடிச்சுக்கொண்டு போறவங்கள் பாட்டை முடிக்க விடுவாங்களோ? கடைசி வரியை வடிவாப் பாடி முடிச்சிட்டுத்தானே போனவன். விரும்பித்தான் போயிருக்கிறான்."

இப்படித்தான் கதை கட்டினார்கள். வள்ளமேறி இந்தியாவுக்குப் போனான் என்றார்கள். கூடவே ஒரு பெண்ணையும் ஏற்றி அனுப்பினார்கள். கடைசி வரியை மைதானம் முழுவதும் தன் காதால் கேட்டதால் மறுத்துப் பேச ஆளில்லை. அம்மா அதை நம்பினாள். "என்னை விட்டிட்டுப் போனவனுக்கு நான் அழ மாட்டன்" என்று பிடிவாதமாயிருந்து, அழாமலே செத்துப்போனாள். இரத்தினேஸ்வரிக்கும் அண்ணன் மேல் பாசம் பாதி, கோபம் பாதி. பாடி முடித்துவிட்டுப் போனவன் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற கோபம்.

*

லக்சாயினி குளித்துவிட்டு வந்து, மாலையில் போடவேண்டிய நீலச் சட்டையை எடுத்து விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, இதென்ன?"

கழுத்திலும் கையிலும் கீழ்க்கரையிலும், வீதி வேலைக்காரரின் அங்கியில் இருக்குமே, வெளிச்சம் பட்டால் மின்னுகிற வெள்ளி நாடா, அது சுற்றிவரத் தைக்கப்பட்டிருந்தது.

"இருட்டில நீ நிக்கிற இடம் தெரியவேணும்."

"நான் பாடப் போறனா, றோட்டுக்குத் தார் போடப் போறனா?"

பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை பார்க்கிற பெண் அவள். வாயைத் திறக்க மறுக்கிறவர்களோடு நாள் முழுக்கப் பழகியவளுக்குப் பொறுமை அதிகம். பிளேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நாடாவை ஒவ்வொரு தையலாக வெட்டி எடுக்கத் தொடங்கினாள்.

"லக்சி, பாட்டைப் பாடு. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. லைற்றை மட்டும் நூர்க்க வேண்டாம். கீழ இறங்காதை. மேடையில நிண்டே பாடன்."

"அப்பிடிப் பாடினால் அது வேற பாட்டு அம்மா."

"வேற பாட்டாவே இருக்கட்டும்!"

"அம்மா, பாட்டு எல்லாருக்கும் தெரியும். கலியாண வீட்டில போடுகினம், பஸ்ஸில போடுகினம். பாடினது ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் அவர் ஓடிப்போனவர் எண்டு சொல்லுகினம். நான் அந்த இடத்தில நிண்டு மாமான்ர பேரைச் சொல்லவேணும். பிறகு அவர் நடந்த மாதிரியே நடக்கவேணும். நீங்கள் எவ்வளவு காலத்துக்கு இப்பிடிப் பயந்துகொண்டிருக்கப் போறியள்?"

"நீ திரும்பி வீட்டுக்கு வருமட்டும்," என்றாள் இரத்தினேஸ்வரி.

மகள் பிளேட்டை வைத்துவிட்டு வந்து தாயின் தோளில் தாடையை வைத்தாள். ஆனால் பிளேட் திரும்பவும் எடுபட்டது; நாடா முழுவதும் வெட்டுப்பட்டுக் குப்பைக்குப் போயிற்று. தாயை அப்படியே உரித்து வைத்த மகள் என்று ஊர் சொல்வது இந்தப் பிடிவாதத்தைத்தான்.

*

மத்தியானத்துக்குப் பிறகு மைதானத்தில் ஒத்திகை. இரத்தினேஸ்வரியும் கூடவே போனாள். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பயப்பட அங்கே ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கிக் கிடந்தன. மேடை ஓரத்தில், நகருக்குள் வழக்கமாய்த் திரிகிற மான்களில் இரண்டு யாரோ எறிந்த சோற்றுப் பார்சலை நக்கிக்கொண்டிருந்தன. கடலில் எண்ணெய்க் கப்பல் ஒன்று சீனன்குடாப் பக்கம் முகம் திருப்பி நின்றது.

அவள் அடுக்கிக் கிடந்த கதிரைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வரிசைக்கு நடுவில் விட்ட பாதை, வலது புறம் மதில், இடது புறம் வீதிக்குப் போகிற சின்னக் கேற். அன்றைக்கும் அந்தக் கேற் இருந்தது. நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

மேடையில் இளம் பெடியன்கள் கிற்றாரும் கீபோர்ட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். ட்ரம்ஸில் சிவகுருநாதன். நங்கூரத்தில் நாட்டில் மிச்சமிருக்கிற ஒரே ஆள். மற்ற இருவரில் ஒருவர் கனடாவில் காலமாகிவிட்டார், மற்றவர் நோர்வேயில் படுக்கையில். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிவகுருநாதனுக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த நாளுக்குப் பிறகு இந்தப் பாட்டுக்கு அவர் கையைத் தூக்கியதில்லை. லக்சாயினி மூன்று மாதம் அவர் வீட்டுப் படியேறிக் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தாள்.

பாட்டுத் தொடங்கியது.

*உப்புக் காத்தே, உப்புக் காத்தே,*
*அவள் வீட்டுப் பக்கம் போவாயோ...*

இரத்தினேஸ்வரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. மகளின் குரல் அண்ணனுடையதைப் போல இல்லை. ஆனால் மூச்சு எடுக்கிற இடம் அதே இடம்.

இரண்டாவது சரணத்தின் நடுவில் லக்சாயினிக்கு வரி மறந்துபோயிற்று. அவள் வாயைத் திறந்தபடி திகைத்து நின்ற அந்தக் கணத்தில், ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து அந்த வரி வந்தது. ஒரு தட்டுக்கூடப் பிசகாமல், அதே சுருதியில், சிவகுருநாதன் பாடி முடித்து அடுத்த வரியை அவளிடம் கொடுத்தார். கண்ணை மூடிக் கேட்டவர்களுக்கு ஒன்றும் நடந்ததாகவே தெரிந்திருக்காது.

பாட்டு நின்றதும் பெடியன்கள் கைதட்டினார்கள்.

"சிவம் மாமா! நீங்கள் பாடினால் றேடியோவில கேக்கிற மாமான்ர குரல் மாதிரியே கிடக்கு!" என்றாள் லக்சாயினி.

"ஒரே சட்டியில சோறு திண்ட தொண்டையள், பிள்ளை." கிழவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்கட குழுவில ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தன் வரியை மறந்தால் மற்றவன் உடன பிடிச்சுப் பாடவேணும். பாட்டு நிலத்தில விழக் கூடாது. சனத்துக்குத் தெரியவே கூடாது. இப்ப பாத்தாய்தானே, யோசிக்க முதல் வாய் பாடிப்போட்டுது..."

சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். சிரித்த முகம் மெல்ல வெளிறிப்போனது. ட்ரம்ஸ் தடியைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டார்.

இரத்தினேஸ்வரி மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "சிவம் அண்ணை, எனக்கு ஒரு போன் வந்தது." அழைப்பைப் பற்றி மெல்லிய குரலில் சொன்னாள்.

அவர் தடிகளை மடியில் வைத்தார். பிறகு, "லைற்றைப் பற்றித்தான் கேட்டவனோ? வேற ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றார்.

"இல்லை."

"தங்கச்சி, லைற்றை நூர்க்காமல் பாடட்டும்."

"அதைத்தான் நானும் காலமையிலயிருந்து மன்றாடுறன். நீங்கள் சொல்லுங்கோ. உங்கட சொல்லுக் கேப்பாள்."

கேட்கவில்லை. அவரும் சொன்னார், பாக்கியரத்தினமும் வந்து சொன்னார். லக்சாயினி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாமாவைப் பிடிச்சுக்கொண்டு போன ஆக்கள், நாங்கள் பயத்தில வாழ்நாள் முழுக்க லைற்றைப் போட்டு வைச்சிருக்கவேணும் எண்டுதானே விரும்பினவை," என்றாள்.

கடைசியில் ஓர் ஏற்பாடு. விளக்குச் சுவிச்சுக்குப் பக்கத்தில் பாக்கியரத்தினமே நிற்பார். கடைசிச் சரணம் நாலே வரி. நாலாவது வரி முடிந்த கணமே விளக்கைப் போட்டுவிடுவார். இரத்தினேஸ்வரி நடுப்பாதையின் ஓரக் கதிரையில் கையில் டோர்ச்சோடு இருப்பாள். ஆனால் அதை அடிக்க மாட்டேன் என்று மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தாள்.

*

பொழுதுபட்டது. சனம் எதிர்பார்த்ததைவிட அதிகம். நிலாவெளி, சல்லி, மூதூர் என்று தூர இடங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். இளசுகளைவிட நரைத்த தலைகள்தான் கூட. தங்கள் வாலிபத்தைத் திரும்பக் கேட்க வந்தவர்கள்.

இரத்தினேஸ்வரி ஒவ்வொரு நரைத்த தலையாகப் பார்த்தாள். அந்தக் குரலுக்குரியவன் இதற்குள்ளே இருக்கிறானோ? முன்வரிசையில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட மாஸ்டர், பக்கத்தில் பழைய கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சர், பின்னால் கரையில் மீன் வாடி போட்டு வியாபாரம் செய்தவர், அவருக்கும் பின்னால் தன்னுடைய கலியாணத்துக்கு மாலை கட்டித் தந்தவர். எல்லோரும் தெரிந்தவர்கள். எல்லோரும் தலையாட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

நீலச் சட்டையோடு லக்சாயினி மேடைக்கு வந்தாள்.

"இப்ப நான் பாடப் போற பாட்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். இதைப் பாடின என்ர மாமா குலசிங்கம் இந்த மைதானத்தில, இந்தப் பாட்டோட காணாமல் போனவர். பாட்டை ஞாபகம் வைச்சிருக்கிறியள். ஆளையும் ஞாபகம் வைச்சிருங்கோ."

கச்சான் வறுக்கிற சட்டியின் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. பிறகு யாரோ ஒருவர் கைதட்ட, ஊரே தட்டியது.

முதல் சரணம். இரண்டாம் சரணம். இம்முறை மறதியில்லை. சனமும் சேர்ந்து முணுமுணுத்தது. மூன்றாவது முடிந்ததும் கிற்றார் ஓய்ந்தது, கீபோர்ட் ஓய்ந்தது, விளக்குகள் அணைந்தன.

இருட்டு என்றால் கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. திடீரென்று வெருண்ட மான்கள் மேடைக்குப் பின்னால் பாய்ந்தோடின. அந்தக் குளம்புச் சத்தத்துக்கு இரத்தினேஸ்வரி டோர்ச்சை இறுக்கிப் பிடித்தாள். சிவகுருநாதனின் ட்ரம்ஸ் மெல்லத் தட்டத் தொடங்கியது.

*விளக்கும் இல்லை, வழியும் இல்லை...*

குரல் மேடையிலிருந்து இறங்கிவிட்டது. நடுப்பாதையால் வருகிறது. அவளைத் தாண்டும்போது சட்டையின் ஓரம் முழங்காலில் பட்டது. எட்டிப் பிடித்து மடியில் இருத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையை மடக்கிக்கொண்டாள்.

*விரல் நீட்டு, விரல் நீட்டு, நான் தேடி வருவேன்...*

பின்னால் போகிறாள். இடது பக்கம் திரும்புகிறாள். ஏன் பிள்ளை இடது பக்கம் போகிறாய், அந்தப் பக்கம்தானே கேற்!

*அலை வந்து அடித்தாலும், கரை என்னை மறந்தாலும்...*

இன்னும் ஒரு வரி. ஒரே ஒரு வரி. கோணேசப் பெருமானே, ஒரே ஒரு வரி.

*விடியும் முன்னே உன்...*

குரல் நின்றது.

'வாசல் வருவேன்' என்ற இரண்டு சொல் மிச்சம். அது வரவில்லை. ட்ரம்ஸ் ஒரு தரம் தட்டியது, இரண்டாம் தரம் தட்டியது. இதோ, மத்தியானம் போலச் சிவகுருநாதன் பிடித்துப் பாடப் போகிறார் என்று இரத்தினேஸ்வரி நினைத்தாள். பாட்டு நிலத்தில் விழ விடமாட்டாரே அவர்.

ட்ரம்ஸ் நின்றது. தடிகள் பலகையில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது.

"லைற்! லைற்றைப் போடுங்கோ! பாக்கியம், லைற்றைப் போடு!"

கிழவரின் அலறல் மைக் இல்லாமலே மைதானம் முழுவதும் கேட்டது. ஆனால் சனம் என்ன செய்தது தெரியுமா? முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டுப் பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். இதுவும் வித்தையில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

"சிரிக்காதேங்கோ!" இரத்தினேஸ்வரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்; டோர்ச் கையிலிருந்து நழுவி இருட்டில் உருண்டு போனது. பதினேழு வயதில் கத்தியிருக்க வேண்டிய கத்தல் இப்போதுதான் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "ஒருத்தரும் சிரிக்காதேங்கோ! என்ர பிள்ளையைப் பாருங்கோ!"

விளக்கு எரிந்தது.

இடது பக்கக் கடைசி வரிசைக்கும் கேற்றுக்கும் நடுவில் லக்சாயினி நின்றிருந்தாள். தனியாக. வலது கை முன்னால் நீண்டபடி, யாரோ பிடித்திருந்து விட்டது போல. கேற் அரைவாசி திறந்திருந்தது.

இரத்தினேஸ்வரி கதிரைகளை உதைத்துக்கொண்டு ஓடினாள். மகளைக் கட்டிப் பிடித்து, முகத்தை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறாள். முழுதாக இருக்கிறாள்.

சிவகுருநாதன் மேடையிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்து மூச்சு வாங்க நின்றார். அவருடைய கண்கள் லக்சாயினியைப் பார்க்கவில்லை. இரத்தினேஸ்வரியைத்தான் பார்த்தன.

"இந்த முறை நான் பாடேல்லை, தங்கச்சி."

அவளுக்கு உடனே விளங்கவில்லை.

"அண்டைக்கு அவன் வரியை மறந்திட்டான் எண்டு நினைச்சன். இதே இடம். 'விடியும் முன்னே உன்' எண்டதோட நிண்டுது. நான் யோசிக்கேல்லை. மிச்ச ரெண்டு சொல்லையும் வாய் பாடிப்போட்டுது. குரல் மேடைப் பக்கம் கேட்டதுக்கு, அவன் திரும்பி வந்திட்டான் எண்டு சனம் நினைச்சிருக்கும். பிறகு ஆள் இல்லை எண்டு தெரிஞ்சாப் பிறகு... எனக்குச் சொல்லத் துணிவு வரேல்லை."

இரத்தினேஸ்வரியின் காதுக்குள் கடல் இரைந்தது.

அப்படியென்றால் அண்ணா பாடி முடிக்கவில்லை. பாடி முடித்துவிட்டுப் போகவில்லை. எங்களை விட்டுவிட்டுப் போகவே இல்லை. பாதி வரியில் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சனம் கைதட்டிக்கொண்டு கதிரைக்குக் கீழே தேடியிருக்கிறது. நான் சிரித்திருக்கிறேன். அம்மா அழாமலே செத்தாள்.

அந்த மனிதரின் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அவர் காலடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்ய முடியாமல், "அண்ணா, அண்ணா" என்று மட்டும் அவள் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமும் அண்ணன் மேல் வைத்திருந்த பாதிக் கோபம் வைக்க இடமில்லாமல் போயிற்று.

"அம்மா." லக்சாயினி அப்போதுதான் வாய் திறந்தாள். "ஆரோ என்ர கையைப் பிடிச்சவர்."

"ஆர்? ஆர் பிள்ளை?"

"தெரியேல்லை. இருட்டு. வயசான கை. இறுக்கிப் பிடிக்கேல்லை. மெல்லமாப் பிடிச்சு, காதுக்குள்ள சொன்னவர்..."

"என்ன சொன்னவன்?"

லக்சாயினி அரைவாசி திறந்த கேற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

"'இந்த இடத்திலதான் உங்கட மாமாவையும் மறிச்சனாங்கள், பிள்ளை' எண்டு."

சிவகுருநாதன் பக்கத்திலிருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"லைற் வர முதல் கையை விட்டிட்டார். கேற்றால வெளிய போனவரோ, திரும்பிச் சனத்துக்குள்ள போனவரோ தெரியாது." லக்சாயினியின் நகம் தாயின் கையில் பதிந்தது. "அம்மா, வெளியூர்க்காரர் இல்லை. எங்கட ஊர்க் கதை. நீங்களும் அப்பாவும் கதைக்கிற மாதிரியே கதைச்சவர்."

இரத்தினேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

சனம் கதிரைகளை விலக்கிக்கொண்டு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பழைய மாஸ்டர் வந்தார். சங்கக் கடை மனேச்சர் வந்தார். மீன் வாடிக்காரர் சோடாப் போத்தலோடு வந்தார். மாலை கட்டித் தந்தவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். நரைத்த தலைகள், தெரிந்த முகங்கள், எல்லோருடைய வாயிலும் ஒரே கேள்வி.

"பிள்ளைக்கு என்ன நடந்தது? பிள்ளைக்கு என்ன நடந்தது, தங்கச்சி?"

அவள் மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, உதவிக்கு வந்தவர்களைப் பார்த்தபடியே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் போகத் தொடங்கினாள்.